பதினேழாம் எண் முழங்கால்

செல்போன் அலறியபோது டாக்டர் இசைவாணியின் வாயில் பாதி இட்லி இருந்தது.

"மேடம்... ரெத்தினம் பேசறேன், தொட்டி ரூம்லேர்ந்து."

"சொல்லுங்க ரெத்தினம்."

"சாப்பிட்டுட்டு இருக்கீங்களா?"

"ஆமா."

"முழுங்கிடுங்க. அப்புறம் சொல்றேன்."

முழுங்கினாள்.

"ஒரு முழங்கால் குறையுது மேடம்."

இட்லி தொண்டையிலேயே நின்றுகொண்டது...!

இசைவாணிக்கு வயது முப்பத்தாறு. தஞ்சாவூரை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் உதவிப் பேராசிரியை. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு எதுல ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டால், அவள் அம்மா கம்ப்யூட்டர் என்று பொய் சொல்லுவாள். உண்மையைச் சொன்னால் காபியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உண்மை இதுதான். முழங்கால்! அதுவும் செத்தவர்களின் முழங்கால்.

உடல்தானம் செய்தவர்களின் இடது முழங்கால்கள் இருபத்துநாலு. ஆண் பன்னிரண்டு, பெண் பன்னிரண்டு. முப்பது வயதிலிருந்து தொண்ணூறு வரைக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் லிகமென்டை அளந்து, அது வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். ஆறு வருட உழைப்பு. இன்று மாலை மூன்று மணிக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து பேராசிரியர் ராஜராஜன் வருகிறார். அவர் முதலில் முழங்கால்களை எண்ணுவார். அப்புறம்தான் வணக்கமே சொல்லுவார்.

ஒன்று குறைந்தால் ஆறு வருடமும் குப்பை. இந்த மாதத்தோடு அவளுடைய பிஎச்.டி. பதிவுக் காலமும் முடிகிறது.

"நல்லா எண்ணினீங்களா ரெத்தினம்?"

"மூணு தடவை மேடம். மருந்துத் தொட்டிக்கு அடியிலகூட கை விட்டுப் பார்த்துட்டேன்."

"எந்த நம்பர்?"

"பதினேழு."

பதினேழு...! அந்தச் சனியனா?

ஆண்களின் லிகமென்ட் பெரிது, பெண்களுடையது சிறிது, வயதானால் நைந்துபோகும். இருபத்திரண்டு முழங்கால்கள் இந்த விதி சொன்ன பேச்சைக் கேட்டன. அடங்காதவை இரண்டே இரண்டு. ஏழும் பதினேழும். "ரெண்டையும் தூக்கிப் போடும்மா" என்றார் அவளுடைய கைடு. அவள் மறுத்துவிட்டாள். பிடிக்காததைத் தூக்கிப் போட்டால் அது ஆராய்ச்சி இல்லை, சமையல் என்பது அவள் கட்சி.

போனை வைத்தாள். வைத்த மறு நொடி மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"டாக்டர் இசைவாணிங்களா? சப் இன்ஸ்பெக்டர் கலைமகள் பேசறேன், பாபநாசம் பக்கத்துலேர்ந்து. போன வருஷம் ஒரு எலும்பு கொண்டுவந்தேன். ஆட்டு எலும்புன்னு சொல்லி அனுப்பினீங்க."

"ஞாபகம் இருக்குங்க."

"இது ஆடு இல்லைங்க. மனுஷ முழங்கால். முட்டி மட்டும்தான். மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

இசைவாணி மிச்ச இட்லியைத் தள்ளி வைத்தாள்.

"எங்க கிடைச்சுது?"

"வாய்க்கால் மதகுல. கொலை கேஸ். ஆளைக்கூடப் பிடிச்சாச்சு. ஆணா பொண்ணா, என்ன வயசுன்னு நீங்க சொல்லிட்டா பேப்பர் வேலையை முடிச்சிடுவேன். ஜீப் அனுப்பறேன், வந்துடுங்க."

* * *

அது சின்ன ஸ்டேஷன். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் குறுவை நாற்றங்கால்.

மேஜையில் வாழை இலை. இலையில் முழங்கால்!

"பிளாஸ்டிக் ஷீட்டு தீர்ந்துபோச்சுங்க" என்றாள் கலைமகள். முப்பது வயது, நல்ல உயரம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டைப் பாருங்க டாக்டர். ரம்பம் போட்டாப்ல நேரா இருக்கு. தோலைத் திறந்து திரும்பவும் தைச்சிருக்கான். இந்த மாதிரி தையலை நான் ரவிக்கையிலகூடப் பார்த்ததில்ல. கொலைகாரனுக்குக் கை சுத்தம்."

நீல நைலான். முடிச்சுக்கு மூன்று சுற்று.

அது இசைவாணியின் தையல்...!

பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆறு வருடத்தில் அந்தத் தையலை யாரும் பாராட்டியதில்லை.

"மோந்து பாருங்க" என்றாள் கலைமகள். "பூச்சி மருந்து. வயலுக்கு அடிக்கிறது. முதல்ல மருந்தைக் குடிக்க வெச்சிருக்கான். அப்புறம்தான் வெட்டியிருக்கான்."

அது ஃபார்மலின். பிணம் கெடாமல் இருக்க ஊற்றுவது. நெல் விளையும் ஊரில் மூக்கைத் துளைக்கும் வாடை எல்லாமே பூச்சி மருந்துதான்.

"யாரு பார்த்தது?" என்று கேட்டாள்.

மூலையில் நின்ற லஸ்கர் மீரா உசேன் முன்னால் வந்தார். வாய்க்கால் மதகுக்குக் காவல் அவர்தான்.

"காலையில அஞ்சரைக்கு பலகையைத் தூக்கப் போனேங்க. நம்ம பரிதி சார் இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு. கையில ஒரு பானை. பானை வாய்ல மஞ்சத்துணி. செல்போனைப் பார்த்துப் பார்த்து என்னமோ முணுமுணுக்கிறாரு. நான் இருமினேன். திரும்பிக்கூடப் பார்க்காம பானையை விட்டுட்டு ஓடிட்டாரு. அது மெதக்க மெதக்க வந்து என் மதகுல ஆகாயத்தாமரையில மாட்டிக்கிச்சு. தொறந்து பார்த்தேன். அதுலேர்ந்து எனக்கு டீ எறங்கல."

"பரிதி சார் யாரு?"

கலைமகள் லாக்கப்பைக் காட்டினாள்.

அறுபது வயது. வெள்ளை மீசை. ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர். வட்டாரப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். கம்பிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.

"நாலு நாளா பொண்டாட்டியைக் காணோம்" என்றாள் கலைமகள். "பேரு அம்சவல்லி. வயசு அம்பத்தெட்டு. அன்னிக்கு வீட்டுல பெரிய சண்டைன்னு அக்கம்பக்கம் சொல்றாங்க. போனை வாங்கிப் பார்த்தேன். காலையில ஆறு மணிக்கு ஒரு மெசேஜ். 'வேலை முடிஞ்சது. யாரும் பார்க்கலை. நீ கிளம்பி வா.' யாருக்கு அனுப்பியிருக்கான் தெரியுமா?"

"யாருக்கு?"

"அம்சவல்லிக்கு. செத்தவங்களுக்கே மெசேஜ் போட்டு நாடகம் ஆடறான்."

"அந்தம்மா போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"ஸ்விட்ச் ஆஃப். செத்தவங்க எப்படிங்க எடுப்பாங்க?"

இசைவாணி கம்பி அருகே போனாள். "சார், அந்தப் பானையில எப்படி முழங்கால் வந்துச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சொல்ல மாட்டேம்மா."

"கொலைன்னு எழுதப் போறாங்க."

"எழுதட்டும்."

அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது தூக்குக் கயிற்றைப் பற்றிய பயமாகத் தெரியவில்லை. வேறு எதையோ நினைத்து நடுங்கினார்.

இசைவாணி மூன்று விநாடி யோசித்தாள். பேசாமல் இருந்தால் இந்த மனிதர் ஜெயிலுக்குப் போவார். உண்மையைச் சொன்னால் முழங்கால் கேஸ் கட்டோடு கோர்ட்டுக்குப் போகும். மூன்று மணிக்கு அவள் தலை உருளும்.

நாலாவது விநாடி வாயைத் திறந்தாள்.

"மேடம்... இது என்னோட கால்."

கலைமகள் குனிந்து பார்த்தாள். இரண்டும் இருந்தன.

"எங்க கல்லூரிக் கால். நான்தான் வெட்டினேன். நான்தான் தைச்சேன். பதினேழாம் நம்பர். ஆண், வயசு எண்பத்தாறு. ரெஜிஸ்டர்ல இருக்கு."

"ரெஜிஸ்டர்ல என்ன வேணா எழுதலாங்க. நானே எழுதறேன்" என்றாள் கலைமகள். "உங்க ஆராய்ச்சியே ஆண் பெண் வயசு கண்டுபிடிக்கிறதுதானே? நிரூபிங்க. இது எண்பத்தாறு வயசு ஆம்பளைன்னு காட்டுங்க. சாரை இப்பவே விட்டுடறேன்."

இசைவாணிக்கு வியர்த்தது. மற்ற இருபத்திரண்டில் எதைக் கொடுத்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நிரூபித்திருப்பாள். போயும் போயும் பதினேழு!

கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். தையலைப் பிரித்தாள். மீரா உசேன் சத்தமில்லாமல் வெளியே போனார்.

"இதோ, தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவுல குறுக்கே போகுதே, இதுதான் லிகமென்ட். முன்பக்கத்துது. பொதுவா பெண்களுக்கு இது நீளமும் கம்மி, பருமனும் கம்மி. இது உட்கார்ற பள்ளமும் குறுகல். அதனாலயும், இன்னும் சில காரணங்களாலயும், விளையாடற பொண்ணுங்களுக்கு இது ஆம்பளைங்களை விட ரொம்ப அதிகமா அறுந்துபோகுது."

கலைமகள் தன் முழங்காலைத் தடவினாள்.

"கபடி. ஸ்டேட் செமி ஃபைனல். ரைடு போய்த் திரும்பறேன், டப்புன்னு ஒரு சத்தம். எங்க கோச் 'ஒழுங்கா சாப்பிடாம வந்தே'ன்னு திட்டினாரு. பதினோரு வருஷமா நான் அதை நம்பிட்டு இருக்கேன்."

"சாப்பாடு காரணம் இல்லைங்க."

"அந்தாளு இப்ப திருவாரூர்லதான் இருக்காரு. சாயந்திரம் போன் பண்றேன். சரி, அளந்து சொல்லுங்க."

அளந்தாள். கலைமகள் எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"இருபத்தாறு மில்லிமீட்டர். உங்க கணக்குல ஆம்பளைக்கு எவ்வளவு?"

"சராசரி முப்பத்தஞ்சு."

"பொம்பளைக்கு?"

"...இருபத்தெட்டு."

கலைமகள் அதைக் குறித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு காலை வெச்சு சத்தியம் பண்ண முடியாதுங்க" என்று அவசரமாகச் சொன்னாள் இசைவாணி. "சராசரிங்கிறது கூட்டத்துக்கு. குட்டையான ஆம்பளையும் உண்டு, நெட்டையான பொம்பளையும் உண்டு. இது... இது ஒரு விதிவிலக்கு."

"லிகமென்டைப் பார்த்தா எண்பத்தாறு வயசாட்டம் இருக்கா? பொய் சொல்லாதீங்க."

"இல்ல. அறுபது சொல்லலாம்."

"அம்சவல்லிக்கு அம்பத்தெட்டு" என்றாள் கலைமகள்.

இசைவாணி பிரித்துப் போட்ட நூலை எடுத்துப் பார்த்தாள். நீல நைலான் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்று சுற்று முடிச்சை யாரும் போடலாம். ஒருவேளை... இது பதினேழே இல்லையோ?

அப்போது வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னங்க... நிஜமாவே உங்களைப் புடிச்சு வெச்சுட்டாங்களா?"

* * *

கையில் கருவாட்டுப் பை. தோளில் துணிப்பை. படியேறி வந்தது அம்சவல்லி! இரண்டு முழங்கால்களும் ஒழுங்காக மடங்கி நிமிர்ந்தன.

கலைமகள் எழுந்தே விட்டாள். "அம்மா, நீங்க செத்துட்டீங்களேம்மா."

"எவ சொன்னா? நான் வேதாரண்யத்துல எங்கம்மா வீட்டுல இருந்தேன். மெசேஜைப் பார்த்துட்டு முதல் பஸ்ஸைப் புடிச்சேன். போன்ல சார்ஜ் இல்ல. மதகுகிட்ட வந்தா, உங்க வீட்டுக்காரர் உங்களை வெட்டிட்டாருங்கறாங்க. இவரா? இவரு வாழைக்காய் வெட்டினாலே விரலைச் சேர்த்து வெட்டிக்குவாரு."

"அப்ப காலையில எந்த வேலை முடிஞ்சதுன்னு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினாரு?"

அம்சவல்லி கணவனைப் பார்த்தாள். பரிதி கையெடுத்துக் கும்பிட்டார். அறுபது வருடத்தில் அவர் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம் அம்சா. சொல்லாதே."

"எங்க மாமனாருக்குத் தெவசம் குடுத்தாரு" என்று அம்சவல்லி போட்டு உடைத்தாள்.

பரிதி கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்... கொலைன்னே எழுதிக்கங்க. கையெழுத்துப் போடறேன். தெவசம்னு மட்டும் எழுதாதீங்க. மன்றத்துல தலை காட்ட முடியாது."

விஷயம் இப்படி வெளியே வந்தது. பரிதியின் அப்பா அறிவுச்செல்வன் பழுத்த பகுத்தறிவுக்காரர். சடங்கு கூடாது, உடல் கல்லூரிக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படியே செய்தார்கள். ஆனால் மனுஷர் அமாவாசைக்கு அமாவாசை மருமகள் கனவில் வந்து தண்ணீர் கேட்டார்.

"நல்லா இருந்தப்ப சாமி இல்ல பூதம் இல்லன்னாரு. போனதுக்கப்புறம் வந்து தாகமா இருக்குங்கறாரு" என்றாள் அம்சவல்லி. "நான் என்ன பண்ணட்டும்? எள்ளும் தண்ணியும் விடற வரைக்கும் வீட்டுக்கு வர மாட்டேன்னு கிளம்பிட்டேன்."

"சாம்பல் இல்லாம எதைக் கரைக்கிறது?" என்றார் பரிதி, தரையைப் பார்த்தபடி. "நேத்து கல்லூரியில உடல்கொடையாளர் நினைவுக் கூட்டம். நான்தான் சிறப்புப் பேச்சு. சடங்குகள் ஏன் ஒழியணும்னு இருபது நிமிஷம் பேசினேன். நல்ல கைதட்டல். எல்லாரும் பஜ்ஜிக்குப் போனாங்க. நான் தொட்டி ரூமுக்குப் போனேன். அப்பாவைக் குடுத்தப்ப தந்த ரசீதுல பதினேழுன்னு இருந்துச்சு. டேக்கைப் பார்த்தேன், எடுத்து மஞ்சப்பையில வெச்சுக்கிட்டேன்."

"மந்திரம்?" என்றாள் கலைமகள்.

"யூடியூப்தான். நடுவுல ரெண்டு தடவை சோப்பு விளம்பரம் வந்துச்சு."

கலைமகள் பேனாவை மூடினாள். நல்ல கொலை கேஸ் கைவிட்டுப் போன துக்கம் முகத்தில் தெரிந்தது.

"என்னமோங்க, மாமாவுக்குத்தான் போய்ச் சேரல போலிருக்கு" என்றாள் அம்சவல்லி. "பஸ்ல மன்னார்குடிகிட்ட கண்ணசந்தேன். மாமா வரல. யாரோ ஒரு பொம்பளை. கட்டையா, குள்ளமா இருந்தா. வயிறு குளுந்துச்சு தாயேன்னு சொல்லிட்டுப் போறா. யாருடீ நீன்னு கேக்கறதுக்குள்ள கண்டக்டர் விசில் அடிச்சுட்டான்."

கலைமகள் மெல்லத் திரும்பி வெர்னியரைப் பார்த்தாள். இருபத்தாறு மில்லிமீட்டர்.

"அம்மா, உங்க மாமனார் உயரமானவரா?" என்று கேட்டாள் இசைவாணி.

"ஆறடி. வாசல்ல இடிச்சுக்குவாரு. இடது முட்டியில ஸ்க்ரூ வேற வெச்சிருந்தாங்க, சைக்கிள்ல போய் எருமை மேல மோதினதுக்கு."

ஸ்க்ரூ...!

இந்த முழங்காலில் ஸ்க்ரூ இல்லை. ஆனால் ஸ்க்ரூ வைத்த முழங்கால் ஒன்றை இசைவாணிக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் எண். பெண், அறுபத்தொன்று. பெண்ணுக்கு இவ்வளவு பெரிய லிகமென்டா என்று மூன்று வருடமாக அவள் மண்டையைக் குடைந்த ஏழாம் எண்!

"ஜீப்பை எடுங்க மேடம்" என்றாள்.

"சாரை என்ன பண்ண?"

"விட்டுடுங்க. எங்க கால் எங்களுக்கு வந்தா போதும்."

கம்பிக் கதவு திறந்தது. பரிதி தயங்கித் தயங்கி வந்து கேட்டார். "ரெஜிஸ்டர்ல... என்னன்னு எழுதுவீங்க?"

"காணாமல் போன முழங்கால், உரியவரிடம் ஒப்படைப்பு" என்றாள் கலைமகள்.

* * *

பன்னிரண்டே முக்கால். கல்லூரி தொட்டி அறை.

உதவியாளர் ரெத்தினத்துக்கு நாற்பத்தெட்டு வயது. பதினேழாம் எண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கினார். பின்னாலேயே போலீஸைப் பார்த்ததும் வேறு காரணத்துக்காகக் கலங்கினார்.

"ரெத்தினம், ஏழும் பதினேழும் டேக் மாறியிருக்கு. எப்படி மாறுச்சு?"

"தெரியாது மேடம்."

கலைமகள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவ்வளவுதான்.

"சொல்லிடறேன் மேடம். மூணு வருஷத்துக்கு முந்தி, நீங்க அளக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம். உங்க அக்கா கல்யாணத்துக்கு லீவுல போயிருந்தீங்க. நீங்க செம்புக் கம்பியில கட்டச் சொன்னீங்க. நான் நூல்ல கட்டியிருந்தேன். மருந்துல நூல் இத்துப்போயி டேக் எல்லாம் அடியில கிடந்துச்சு."

"எல்லாம்னா?"

"இருபத்துநாலும் மேடம்."

இசைவாணி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு மணி நேரம் அழுதேன். அப்புறம் நானே பார்த்துக் கட்டிட்டேன்."

"எதைப் பார்த்து?"

"பெருசா இருந்தா ஆம்பளை. சின்னதா இருந்தா பொம்பளை. தோல் சுருங்கியிருந்தா வயசானது. வரிசையா வெச்சு, பொறுமையா, நியாயமா கட்டினேன் மேடம்."

"ஏழும் பதினேழும்?"

"கடைசி ரெண்டு. அப்ப கரண்ட் போயிடுச்சு. தடவிக் கட்டினேன்."

இசைவாணி கண்ணை மூடினாள். பெரிய முழங்காலில் பெரிய லிகமென்ட் இருக்கும். சின்ன முழங்காலில் சின்னது இருக்கும். பெரியதற்கெல்லாம் ஆண் என்று ரெத்தினம் டேக் கட்டினார். அவள் மூன்று வருடம் வெர்னியரும் கையுமாக உட்கார்ந்து அளந்து, ஆண்களின் லிகமென்ட் பெரிது என்று கண்டுபிடித்தாள். அடங்காப்பிடாரிகள் இரண்டும் வேறு எதுவும் இல்லை, ரெத்தினத்தின் கண்ணுக்குத் தப்பியவை. ஆறு வருடமாக அவள் ஆராய்ந்தது முழங்காலை இல்லை, ரெத்தினத்தை!

அழுகை வந்தது. அழுதாள். ரெத்தினமும் கூடவே அழுதார். கலைமகளுக்கு மட்டும் அழத் தோன்றவில்லை.

"டாக்டர், ஒரு விஷயம் கேக்கறேன். இப்ப இருபத்துநாலும் இருக்கு. அவரு எண்ணினா கணக்கு சரியா வரும். நீங்க சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்றாள் கலைமகள். "வலது கால் எல்லாம் எங்க?"

இசைவாணி நிமிர்ந்தாள். வலது கால்கள்! பெரிய தொட்டியில் உடம்போடு இருக்கின்றன. அவற்றுக்கு அவளே தன் கையால் செம்புக் கம்பியில் டேக் கட்டியிருந்தாள். உண்மை அங்கே பத்திரமாக இருக்கிறது. ஆனால் இருபத்துநாலையும் திறந்து அளக்க ஆறு மாதம் வேண்டும். அவளிடம் இருப்பது இரண்டு மணி நேரம்.

* * *

மூன்று மணி. கருத்தரங்கக் கூடம். பொது வைவா என்பதால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கலைமகள் கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவரோரம் ரெத்தினம்.

பேராசிரியர் ராஜராஜனுக்கு அறுபத்துநாலு வயது. முழங்காலைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படிக்காமல் யாரும் எலும்பு டாக்டர் ஆக முடியாது. எண்ணி முடித்தார். இருபத்துநாலு. வணக்கம் சொன்னார். தீசிஸைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா. ஆணுக்கு முப்பத்தஞ்சு, பெண்ணுக்கு இருபத்தெட்டு. என் புத்தகத்துல இருக்கற கணக்கு அச்சு அசலா வந்திருக்கு. முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாருக்கும் வந்ததில்லை. கேள்வியே வேண்டாம். கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனா தாளைத் தொட்டது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் இசைவாணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இந்தக் கணக்கு தப்பு சார்."

எல்லாவற்றையும் சொன்னாள். நூல் இற்றது, டேக் உதிர்ந்தது, ரெத்தினம் கட்டியது, கரண்ட் போனது. பேராசிரியரின் முகம் சிவந்தது. தீசிஸை மூடித் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது ஆராய்ச்சியா? வெட்கமா இல்லை? ஆறு வருஷம் ஒரு அட்டெண்டரோட கண் அளவை அளந்துட்டு வந்து நிக்கறே. நான் ரிஜெக்ட் பண்றேன். எங்கே அந்த ஆள்? வாய்யா இங்க."

ரெத்தினம் வந்து நின்றார்.

"பெருசு ஆம்பளை, சின்னது பொம்பளைன்னு உனக்கு எவன்யா சொல்லிக் குடுத்தான்?"

"எங்க தாய்மாமா சார். தொட்டி வேலை எல்லாம் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நூல் அறுந்துபோனா பதறாதே, இந்த மாதிரி கட்டிடு, ப்ரொபசருங்க சந்தோஷப்படுவாங்கன்னு சொல்லுவாரு."

"எந்தக் காலேஜ்ல இருந்தான் அந்த மாமன்?"

"உங்ககிட்டதான் சார். சென்னையில. பேரு பஞ்சநதம். முப்பது வருஷம் உங்களுக்குத்தான் டேக் கட்டினாரு."

பேராசிரியர் ராஜராஜன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருடைய புத்தகத்தின் எட்டாம் பதிப்பு அச்சில் இருந்தது...!

"பஞ்சநதம்..." என்றார். சிவப்பு இறங்கி முகம் வெளுத்திருந்தது. "நூல்லயா கட்டினான்?"

"நூல்தான் சார். கம்பி கையைக் கிழிக்கும்னு சொல்லுவாரு."

கடைசி வரிசையிலிருந்து கலைமகளின் குரல் வந்தது. "சார், தண்ணி வேணுமா?"

பேராசிரியர் வாங்கிக் குடித்தார். தள்ளிய தீசிஸைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்து, 'வலது முழங்கால்களை அளந்து மறுபடி சமர்ப்பிக்கவும், ஆறு மாத அவகாசம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இசைவாணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மறுபடி அழ வேண்டும்போல இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

"முடிவு வந்ததும்..." என்றார் பேராசிரியர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "முதல் காப்பி எனக்கு. வேற யாருக்கும் காட்டாதே."

"சரிங்க சார்."

அவர் ரெத்தினத்தின் தோளைப் பிடித்தார். "உன் மாமாவை நான் உடனே பார்க்கணும். எங்க இருக்கார்?"

"உங்க காலேஜ்லதான் சார்."

"இன்னுமா ரிட்டயர் ஆகலை?"

"செத்து நாலு வருஷம் ஆச்சு சார். உடம்பை உங்க டிபார்ட்மென்டுக்கே எழுதிக் குடுத்துட்டாரு."

"எந்தத் தொட்டி? என்ன நம்பர்?"

ரெத்தினம் தலையைச் சொறிந்தார்.

"அது எப்படி சார் தெரியும்? டேக் கட்டற ஆளுதான் போய்ச் சேர்ந்துட்டாரே."